ஊட்டிக்குப் போனால்தான் தெரியும் கோளாறு

தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு கார் ஹீட்டரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். மதுரையிலும் வேலூரிலும் கார் வைத்திருப்பவர்கள் ஏசி திருகை நீலப் பக்கத்தின் கடைசி முனையிலேயே வைத்திருப்பார்கள். சிவப்புப் பக்கம் என்று ஒன்று இருப்பதையே பலர் கவனித்திருக்க மாட்டார்கள். சித்திரை வெயிலில் அதைத் தவறுதலாகத் திருப்பிய குழந்தை முன்சீட்டிலிருந்து திட்டு வாங்கியிருக்கும். ஹீட்டருக்கும் சமவெளிக்காரர்களுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

ஆனால் இதே கார்கள்தான் டிசம்பர் விடுமுறையில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறுகின்றன. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சாலையில், விசிறி தேடும் வெயிலிலிருந்து ஸ்வெட்டர் தேடும் குளிருக்குப் போய்விடலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் விடியற்காலைப் புல்வெளி உறைபனியால் வெள்ளையாகிவிடும். அங்கே போன பிறகுதான் பலருக்குத் தன் காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்பதே தெரிகிறது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம், எட்டு வருடம் ஓடிய காரில் ஊட்டிக்குப் போயிருக்கிறது. திரும்பும்போது இருட்டிவிட்டது. காருக்குள் ஐந்து பேர் விடும் மூச்சு, வெளியே சில்லென்று கண்ணாடி. குன்னூர் தாண்டி இறங்கும்போது முன்கண்ணாடி முழுக்க ஆவி படர்கிறது. எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு, கண்ணாடி முழுக்க மஞ்சள் கறையாகப் பரவுகிறது. அப்பா ஹீட்டரைப் போடுகிறார். காற்று வருகிறது, சூடு வரவில்லை. பின்சீட்டிலிருந்து அம்மா துண்டை நீட்டுகிறார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கண்ணாடியைத் துடைப்பதில். அடுத்தது கொண்டை ஊசி வளைவு.

ஹீட்டரைச் சொகுசு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். மலைச்சாலையில் அது கண்பார்வை சம்பந்தப்பட்ட விஷயம்.

(அந்த நேரத்துக்குக் கைகொடுப்பது ஏசி. குளிருகிறதே என்று பார்க்காமல் ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்து வெளிக்காற்றை விட வேண்டும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். ஹீட்டரும் சேர்ந்து வேலை செய்தால் கண்ணாடி இன்னும் சீக்கிரம் தெளியும்.)

சரி, கதைக்கு வரலாம். வீடு வந்து சேர்ந்த குடும்பம் காரை ஒரு பட்டறையில் விடுகிறது. "ஹீட்டர் காயில் அடைச்சிருக்குங்ணா, மாத்தணும்" என்று பதில் வருகிறது. நிறைய கார்களில் இது சின்ன வேலை இல்லை. டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். சாமானை விடக் கூலி அதிகம். ஆயிரக்கணக்கில் பில் கட்டி, காரை எடுத்துப் போனால் மறுபடி அதே குளிர்ந்த காற்று!

காரணம் என்ன? நாலு கோடைக்கு முன்னால், வேறொரு பட்டறையில், இன்ஜின் சூடாகிறது என்று போனபோது நடந்த உரையாடல் இது:

"இந்த ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குங்ணா? கழட்டி வீசிட்டா இன்ஜின் ஹீட்டே ஆகாதுங்க."

"எவ்வளவு தம்பி ஆகும்?"

"செலவே இல்லீங்ணா."

இந்தக் குடும்பம் கற்பனை. ஆனால் சமவெளிப் பட்டறைகளோடு பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த உரையாடல் புதிதாக இருக்காது. இந்தக் கட்டுரை அந்த "செலவே இல்லை"யைப் பற்றித்தான்.

சூடு எங்கிருந்து வருகிறது

கார் ஹீட்டர் வீட்டு வாட்டர் ஹீட்டர் மாதிரி மின்சாரத்தில் கம்பி சூடாகி வேலை செய்வதில்லை. பெட்ரோல், டீசல் கார்களில் அது இன்ஜினின் கழிவுச் சூட்டில் பிழைக்கிறது. எரிபொருள் தரும் ஆற்றலில் பெரும்பகுதி வண்டியை ஓட்டுவதற்குப் போவதில்லை. சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெறும் சூடாக வெளியே போகிறது. அந்தச் சூட்டை இன்ஜினிலிருந்து சுமந்து வருவது கூலன்ட். இன்ஜின் சரியாக ஓடும்போது கூலன்ட் சுமார் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும்.

அந்தச் சூடான கூலன்டில் ஒரு பங்கு, இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. இதுதான் ஹீட்டர் கோர். மெக்கானிக்குகள் வாயில் ஹீட்டர் காயில். ப்ளோயர் விசிறி அதன் மேல் காற்றை ஊதினால் உள்ளே சூடான காற்று. எவ்வளவு காற்று அதன் வழியாகப் போக வேண்டும், எவ்வளவு சுற்றிப் போக வேண்டும் என்று தீர்மானிக்க நடுவில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. நீலம், சிவப்புத் திருகு பெரும்பாலான கார்களில் அந்தக் கதவைத்தான் திருப்புகிறது.

தெர்மோஸ்டாட் இந்தச் சுற்றின் வாட்ச்மேன். உள்ளே மெழுகு வைத்த ஒரு வால்வு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடியே வைத்திருக்கும். கூலன்ட் எண்பது டிகிரியைத் தாண்டிச் சூடானதும் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும். அதை எடுத்துவிட்டால் கூலன்ட் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துகொண்டே இருக்கும். கோயம்புத்தூர் வெயிலில் இது யாருக்கும் தெரியாது. ஊட்டிக் குளிரில் மலை இறங்கும்போது, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் இன்ஜின் சும்மா சுழலும்போது, கூலன்ட் ஆறிப்போகும். சூடு எங்கே மிகவும் தேவையோ சரியாக அங்கே ஹீட்டர் கைவிரிக்கும்.

கண்ணாடியோடு நஷ்டம் முடிவதில்லை. இப்போதைய இன்ஜின்களில் கம்ப்யூட்டர், "இன்ஜின் இன்னும் சூடாகவில்லை" என்று நினைத்துக் கூடுதலாக எரிபொருளை விடும். குளிர்ந்த இன்ஜினில் தேய்மானமும் அதிகம், ஆயிலில் ஈரமும் சேரும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டை எடுத்தால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, எந்த வியாதிக்காக எடுத்தார்களோ அதே வியாதி அதிகமாவதும் உண்டு. பைசா செலவில்லாத வேலைக்கு நாலு வருடம் பெட்ரோல் பங்க்கில் தவணை கட்டியதாகத்தான் அர்த்தம்.

இரண்டு ஹோஸ், ஒரு கை

அந்தப் பட்டறையில் ஹீட்டர் காயிலை மாற்றுவதற்கு முன்னால் என்ன செய்திருக்கலாம்? பத்து நிமிட வேலைதான். சொந்தக்காரரே கூடச் செய்து பார்க்கலாம்.

முதலில், காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். கூலன்ட் குறைந்திருந்தால் முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் ஹீட்டர்தான். நிரப்பிச் சில நாளில் மறுபடி குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. நிரப்புவதோடு விடாமல் ஒழுகும் இடத்தைத் தேட வேண்டும்.

அடுத்து, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து வெப்பநிலை முள்ளையும் ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கவனிக்க வேண்டும். ஹோஸ் சில நிமிடம் ஆறியே இருந்து, பிறகு சட்டென்று சூடாவதுதான் முறை. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால், முள்ளும் மேலே வராமல் சோம்பிக் கிடந்தால், தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. அல்லது அங்கே தெர்மோஸ்டாட்டே இல்லை.

இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஹீட்டரை முழுதாகச் சிவப்பில் வைத்து, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் விசிறியில் கை படாமல் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டும் நல்ல சூடு என்றால் கூலன்ட் பக்கம் பழுதில்லை. கோளாறு காற்றுப் பக்கம். உள்ளே இருக்கும் கதவு மாட்டிக்கொண்டிருக்கும், அதன் கேபிள் கழன்றிருக்கும், அல்லது அதைத் திருப்பும் மோட்டார் போயிருக்கும். காற்றே சரியாக வரவில்லை என்றால் ப்ளோயரையும் கேபின் ஃபில்டரையும் பார்க்க வேண்டும்.

ஒன்று சூடு, இன்னொன்று ஜில் என்றால் கூலன்ட் உள்ளே போய் வெளியே வரவில்லை. ஹீட்டர் கோர் அடைத்திருக்கலாம், அல்லது அதற்கு முன்னால் வால்வு உள்ள கார்களில் அது மூடியே இருக்கலாம். அடைப்பு என்றாலும் உடனே மாற்ற வேண்டியதில்லை. முதலில் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்க்கலாம்.

இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் கூலன்ட் குறைவு, உள்ளே காற்றுக் குமிழ் மாட்டிய ஏர் லாக், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் ஒன்று. ஆக்சிலேட்டரை மிதித்தால் சூடு வந்து, விட்டால் போகிறது என்றால் கூலன்ட் குறைவு, ஏர் லாக் அல்லது பம்ப் மேல் சந்தேகப்படலாம்.

காருக்குள் இனிப்பான ஒரு வாசனை, முன்சீட்டுக் கால் விரிப்பில் ஈரம், கண்ணாடியில் துடைத்தும் போகாத பிசுக்கு இருந்தால், ஹீட்டர் கோரே ஒழுகுகிறது. அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும், பில்லைப் பார்த்து அழுது பயனில்லை :-)

கற்பனைக் குடும்பத்தின் காரில் இரண்டு ஹோஸும் வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கும். ஒரு கையை வைத்துப் பார்த்திருந்தால் டேஷ்போர்டு தப்பித்திருக்கும்.

குற்றம் யாருடையது

இந்த இடத்தில் "மெக்கானிக் எல்லாம் திருடர்கள்" என்று முடித்துவிடுவது சுலபம். அது உண்மையும் இல்லை, நியாயமும் இல்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய மெக்கானிக் முட்டாள் இல்லை. அவர் கண்ட கார்களில் பாதி கூலன்டையே பார்த்திருக்காது. ரேடியேட்டர் குறைந்தால் பக்கத்துக் குழாயில் பிடித்த போர்வெல் தண்ணீரை ஊற்றியவர்கள் காரின் சொந்தக்காரர்கள்தான். உப்புத் தண்ணீர் உள்ளே துருவும் படிமமும் சேர்க்கும். அது ரேடியேட்டரை அடைக்கும், ஹீட்டர் கோரை அடைக்கும், தெர்மோஸ்டாட்டையும் மாட்டவைக்கும். மாட்டிய தெர்மோஸ்டாட் மே மாத வெயிலில் இன்ஜினையே காவு வாங்கிவிடும். எனவே "எடுத்துவிட்டால் நிம்மதி" என்று அவர் நினைத்ததில் ஒரு அனுபவம் இருக்கிறது. சரியான வைத்தியம் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, புதுத் தெர்மோஸ்டாட்டும் கூலன்டும் போடுவது. அந்தச் செலவைச் சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த பட்டறைக்குப் போயிருப்பார்.

பொருளாதாரத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது. 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது நல்ல சரக்கும் மட்டமான சரக்கும் ஒரே விலைக்குப் போகும், நல்ல சரக்கு வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகிவிடுவார் என்பது அதன் சாரம். இந்தத் துறையில் செய்த வேலைக்காக 2001-ல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோரோடு நோபல் பரிசும் பெற்றார். 1973-ல் டார்பி, கார்னி என்ற இருவர் இன்னொரு படி போனார்கள். சில சேவைகளில் வாங்கி அனுபவித்த பிறகுகூட அது தேவைதானா என்று வாங்கியவரால் சொல்ல முடியாது என்றார்கள். பழுது பார்ப்பது அந்த வகை. வியாதியைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவரே என்றால், எந்த வியாதி சொல்லப்படும் என்பதை ஊகிக்கப் பட்டம் தேவையில்லை.

ஆனால் பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லாத ஒன்றைப் பட்டறை வாசலில் பார்க்கலாம். வாடிக்கையாளர் கண்டுபிடிப்புக்குக் காசு கொடுப்பதில்லை. டாக்டரிடம் போனால் அவர் மருந்தே எழுதாமல் "ஒன்றுமில்லை, போங்கள்" என்றாலும் பீஸ் கொடுத்துவிட்டு, நிம்மதியோடு வெளியே வருகிறார்கள். அதே ஆள், ஒரு மெக்கானிக் அரை மணி நேரம் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, கழன்ற கேபிளை மாட்டிவிட்டு முந்நூறு ரூபாய் கேட்டால் சண்டைக்குப் போகிறார். "ஒரு கேபிளை மாட்டினதுக்கா?" எந்தக் கேபிள் என்று தெரிந்துகொள்ள ஆன அரை மணி நேரம் அவர் கணக்கிலேயே வரவில்லை.

அப்புறம் மெக்கானிக் என்ன செய்வார்? தேடுவதற்குக் கூலி இல்லை, மாட்டுவதற்குக் கூலி உண்டு என்றால் மாட்டத்தான் செய்வார். தேடத் தெரிந்தவருக்கும் தேடத் தெரியாதவருக்கும் ஒரே வருமானம் என்றால், தொழில் கற்க வரும் பையன் எதற்காகத் தேடக் கற்றுக்கொள்வான்? அகர்லாஃப் சொன்ன சந்தை ஒவ்வொரு ஊரிலும் இப்படித்தான் உருவாகிறது. அதில் வாடிக்கையாளரும் கூட்டாளி.

என்ன செய்யலாம்

முதலில், காரை விடும்போதே "என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லுங்கள், பார்ப்பதற்கான கூலியைத் தனியாகத் தந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிடலாம். இப்படிச் சொல்லும் வாடிக்கையாளரிடம், நல்ல மெக்கானிக்குக்குத் தேவையில்லாத சாமானை விற்க அவசியமே இருக்காது.

இரண்டாவது, எந்தச் சாமானை மாற்றச் சொன்னாலும் "எதை வைத்து இதுதான் என்று முடிவு செய்தீர்கள்?" என்று மரியாதையோடு கேட்கலாம். "இரண்டு ஹோஸில் ஒன்று ஜில்லுன்னு இருக்குங்க" என்பது பதில். "எல்லா வண்டிக்கும் இதுதாங்க வரும்" என்பது பதில் இல்லை. மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கழற்றப்பட்டதையும் எழுதி வாங்க வேண்டும். புதிதாகப் போட்டதெல்லாம் பில்லில் வரும், கழற்றி வீசியது எதிலும் வராது. தெர்மோஸ்டாட்டை எடுப்பது, ஒழுகும் ஹீட்டர் கோரை விட்டுவிட்டு இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவது போன்ற வேலைகள் அவசரத்துக்குச் சில நேரம் தேவைப்படலாம். ஆனால் அது எழுதப்படாத கடன். அந்தக் காரை அடுத்து வாங்குபவர், கடன் இருப்பதே தெரியாமல் அதையும் சேர்த்து வாங்குகிறார். வணிகவியல் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஏட்டில் ஏறாத கடன்தான் ஆளைக் கவிழ்க்கும்.

நான்காவது, பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஏசியை மட்டும் போட்டுப் பார்க்காமல் ஹீட்டரையும் போட்டுப் பார்க்க வேண்டும். சென்னை வெயிலில் இதைச் செய்தால் விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, ஹீட்டரை முழுதாகத் திருப்ப வேண்டும். சுடச்சுடக் காற்று வந்தால் கூலன்ட், பம்ப், தெர்மோஸ்டாட், ஹீட்டர் கோர் எல்லாம் ஓரளவு ஒழுங்கு என்று அர்த்தம். வராவிட்டால் அந்தக் காரின் குளிரூட்டும் சுற்றில் யாரோ கைவைத்திருக்கலாம். பைசா செலவில்லாத சோதனை இது.

இன்னொன்று. கோடையில் மலை ஏறும்போது இன்ஜின் முள் சிவப்பை நோக்கிப் போனால், ஏசியை அணைத்து ஹீட்டரை முழு வேகத்தில் போட்டு ஓரங்கட்டுவது பழைய டிரைவர்களுக்குத் தெரிந்த உபாயம். ஹீட்டர் கோர் இன்னொரு குட்டி ரேடியேட்டராக வேலை செய்து கொஞ்சம் சூட்டை இழுக்கும். முள் சிவப்பில் இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், அநேகமாக உள்ளே கூலன்டே இல்லை. உடனே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ஆக, குளிரே அறியாத ஊர்க்காரருக்கும் வேலை செய்யும் ஹீட்டர் தேவைதான்.

குளிருக்காக மூடிய காருக்குள் இன்ஜினையும் ஹீட்டரையும் ஓடவிட்டுத் தூங்குவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. புகை உள்ளே கசிந்தால் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆளை எழுப்பாமலே கொன்றுவிடும்.

திரும்பவும் அந்தக் குடும்பம். தெர்மோஸ்டாட்டும் கூலன்டும் பல கார்களுக்குச் சில ஆயிரத்துக்குள் முடிகிற விஷயம். அதை நாலு வருடத்துக்கு முன்பே போட்டிருந்தால், குன்னூர் வளைவில் ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு ஐந்து உயிரை ஓட்டி வந்திருக்க வேண்டாம். மெக்கானிக் சொன்ன "செலவே இல்லீங்ணா" பொய் இல்லை. அன்றைக்கு அவருக்கும் செலவில்லை, காரின் சொந்தக்காரருக்கும் செலவில்லை. பில் மட்டும் மலை மேல் காத்துக்கொண்டிருந்தது.

அடுத்த முறை ஒரு மெக்கானிக் சாமான் எதுவும் விற்காமல், தொட்டுப் பார்த்து, யோசித்து, "இதுதாங்க கோளாறு" என்று சரியாகச் சொன்னால், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தத் தொழிலில் மூளைக்கும் விலை உண்டு என்று அங்கே நிற்கும் பையன் பார்க்கட்டும்.